ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்

கேள்வி: கணவருக்கு வேலை மாற்றல் ஆனதால் ஐந்து மாதத்துக்கு முன்னால் புது நகரத்துக்குக் குடிவந்தோம். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நாலு. குழந்தைகள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கக் கூடாது என்று ஒவ்வொரு விடுமுறை நாளும் ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகிறோம். பூங்கா, ஏரி, அருங்காட்சியகம், மிருகக்காட்சி சாலை என்று இதுவரை பன்னிரண்டு இடம் பார்த்தாகிவிட்டது. ஒன்றாவது நல்லபடியாக முடிந்ததில்லை. மகன், "நம்ம ஊர்ல இதைவிட நல்லா இருக்கும்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். மகள் பாதி வழியிலேயே தூக்கச் சொல்லி அழுகிறாள். இல்லாவிட்டால் வழியில் கிடக்கிற கல்லையெல்லாம் பொறுக்கிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அவளுக்குத் தெரியாமல் அதையெல்லாம் எடுத்து வெளியே போடுவது எனக்கு இன்னொரு வேலை. தெரியாத ஊரில், கூட்டத்தில் குழந்தை தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேறு. திரும்பி வரும்போது எல்லோரும் எரிச்சலில் இருக்கிறோம். பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடலாமா? நான் எங்கே தப்புச் செய்கிறேன்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். ஐந்து மாதத்தில் பன்னிரண்டு தடவை இரண்டு குழந்தைகளோடு கிளம்பியிருக்கிறீர்கள் என்றால் உங்களிடம் அக்கறைக்கும் குறைவில்லை, தெம்புக்கும் குறைவில்லை. நீங்களும் அந்த ஊருக்குப் புதுசுதான், உங்களுக்கும் பழைய ஊர் ஞாபகம் வரும், அதை ஓரமாக வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறீர்கள். அது எனக்குப் புரிகிறது.

உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது "பன்னிரண்டு இடம்" என்ற இடத்தில்தான். பன்னிரண்டு தடவை வெளியே போனீர்கள், பன்னிரண்டும் வேறு வேறு இடம். எந்த இடத்துக்காவது இரண்டாம் தடவை போனதாக நீங்கள் எழுதவே இல்லை. குழந்தைகள் மனநல ஆலோசகராக இருபது வருடமாக, ஊர் மாறி வந்த குடும்பங்களை நிறையப் பார்த்துவிட்டேன். அநேகமாக எல்லோரும் இதையேதான் செய்கிறார்கள். புது நகரம் என்றதும் அதைச் சுற்றிப் பார்க்கத் தொடங்குகிறோம். சுற்றிப் பார்ப்பது விருந்தாளிகள் செய்கிற வேலை. ஒரு வாரம் தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு அது சரி. அந்த ஊரிலேயே வாழ வந்த குழந்தைக்கு அது இன்னும் கொஞ்சம் அந்நியத்தைத்தான் கூட்டுகிறது. பள்ளிக்கூடம் புதுசு, வீடு புதுசு, படுக்கிற அறையின் கூரை புதுசு. இவ்வளவுக்கும் மேல் வாராவாரம் இன்னொரு புது இடம். எப்போதுதான் அவர்கள் பழகிய ஒன்றைப் பார்ப்பார்கள்?

அதனால் நான் சொல்லப்போவது இதுதான். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த ஆறு வாரத்துக்கு அங்கே மட்டும் போங்கள்.

ஏன் ஒரே இடம் என்று கேட்பீர்கள். 1971-ல் ஜான் ஓகீஃப் என்ற ஆய்வாளர், எலிகளின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியில் ஒரு விஷயத்தைக் கண்டார். எலி ஓர் அறையில் உலாவும்போது, ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வந்தால் மட்டும் ஒரு செல் துடிக்கிறது. வேறு மூலைக்குப் போனால் வேறு செல். அதாவது, தான் நடமாடும் இடத்தை மூளை தனக்குள் வரைபடமாக வரைந்துகொள்கிறது. 2005-ல் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவரும் தூரத்தையும் திசையையும் கணக்கிட உதவும் இன்னொரு வகைச் செல்களைப் பக்கத்துப் பகுதியில் கண்டார்கள். மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. புது இடத்துக்குப் போனால் புது வரைபடம் வரைந்தாக வேண்டும். அதே இடத்துக்குத் திரும்பப் போகப் போக அந்த வரைபடம் உறுதிப்படும். உங்கள் குழந்தைகளுக்கு இதுவரை பன்னிரண்டு அரைகுறைப் படங்கள் கிடைத்திருக்கின்றன. ஒன்றுகூட முழுசாக வரைந்து முடிந்திருக்காது.

உங்கள் மகள் ஏன் தூக்கச் சொல்கிறாள் என்பதற்கும் பதில் இங்கேயே இருக்கிறது. கால் வலி ஒரு காரணம்தான். மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1950-களில் உகாண்டாவிலும், பிறகு அமெரிக்காவிலும் தாய்மார்களையும் குழந்தைகளையும் அவரவர் வீட்டிலேயே போய் உட்கார்ந்து கவனித்தார். குழந்தை அம்மாவை ஒரு நிலையான புள்ளியாக வைத்துக்கொண்டு கொஞ்சதூரம் போகிறது, திரும்பி வந்து தொட்டுப் பார்க்கிறது, மறுபடி போகிறது. இருவருக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கயிறு இருப்பது போல. இடம் பழக்கமில்லாததாக இருந்தால் அந்தக் கயிறு குட்டையாகிவிடும். தெரியாத இடத்தில், தெரியாத கூட்டத்தில், நாலு வயதுக் குழந்தைக்கு உங்கள் இடுப்புதான் ஒரே தெரிந்த இடம். அதனால் ஏறிக்கொள்கிறாள். பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அதே இடத்துக்கு மூன்றாம் தடவை, நாலாம் தடவை போகும்போது அந்தக் கயிறு நீளுவதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் நாள் உங்கள் துணியைப் பிடித்துக்கொண்டே நிற்பாள். நாலாம் நாள் இருபது அடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள்.

சரி, எந்த இடம்? அழகான இடம், பெரிய இடம் என்று தேடாதீர்கள். வீட்டிலிருந்து உங்கள் மகளின் காலுக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேரக்கூடிய இடமாக இருக்கட்டும். உங்கள் காலுக்கு இல்லை, அவள் காலுக்கு. வண்டியில் ஒரு மணிநேரம் போய்ச் சேரும் இடத்தில் குழந்தைகள் பாதிப் பொறுமையை வழியிலேயே செலவழித்துவிடுவார்கள். அப்புறம், கொஞ்சம் நிழல், தண்ணீர், அவசரத்துக்கு ஒரு கழிப்பறை, நீங்கள் உட்கார ஓர் இடம். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். உட்கார இடமில்லாத அம்மா அரை மணிநேரத்தில் "போலாமா, போலாமா" என்று சொல்லத் தொடங்கிவிடுவார். இவற்றோடு, கையால் எடுக்கக்கூடிய, நகர்த்தக்கூடிய ஏதாவது அங்கே கிடக்க வேண்டும். மண், சருகு, கூழாங்கல், உடைந்த குச்சி, எதுவானாலும் சரி.

ஊஞ்சலும் சறுக்குமரமும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இதை நானாகச் சொல்லவில்லை. டென்மார்க்கில் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல்கள் வடிவமைத்த தோட்டக்கலைஞர் சோரென்சன் ஒன்றைக் கவனித்தார். தான் போட்டுக்கொடுத்த ஒழுங்கான திடல்களைவிட, கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிடக்கும் பலகையும் செங்கல்லுமே பிள்ளைகளை அதிகம் இழுத்தன. அதிலிருந்து பிறந்ததுதான் 1943-ல் கோபன்ஹேகன் நகரத்தின் எம்ட்ரப் பகுதியில் திறக்கப்பட்ட திடல். பலகை, பழைய சாமான், மண் இவ்வளவுதான் அங்கே. நெதர்லாந்தில் ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947 முதல் 1978 வரை ஆம்ஸ்டர்டாமில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்களை உண்டாக்கினார். பல இடங்கள் இரண்டு வீட்டுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்த துண்டு நிலங்கள். ஒரு மணல்தொட்டி, தலைகீழாகத் தொங்கச் சில கம்பிகள், தாவ நாலைந்து கற்கள். இதில் எதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதுதான் அதன் சிறப்பு. உங்கள் தெருமுனையிலும் இப்படி ஒரு துண்டு இடம் கட்டாயம் இருக்கும். "பார்க்க வேண்டிய இடங்கள்" பட்டியலில் அது இருக்காது, அவ்வளவுதான்.

என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என் மகளுக்கு ஐந்து வயதாகும்போது நாங்களும் ஊர் மாறினோம். ஒரு நாள் காலையில் ஒரு பெரிய பூங்காவுக்குக் கிளம்பினோம். தெருவைத் தாண்டவில்லை, ஒரு பழைய மதில்சுவரின் பக்கத்தில் நின்றுவிட்டாள். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பாசி. நேரமாகிவிட்டது என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். பூங்காவில் இருந்த மூன்று மணிநேரமும் அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அடுத்த வாரம் பூங்காவை விட்டுவிட்டு அந்தக் குழாய்க்கே போனோம். குத்தவைத்து உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். குழாயின் உதட்டில் ஒரு சொட்டு மெதுவாகப் பருக்கும், நீளும், கொஞ்சம் நடுங்கும், விழும். அடுத்தது வர எத்தனை எண்ண வேண்டும் என்று எண்ணினாள். ஒன்பது வந்தது. ஒரு சருகை எடுத்து அடியில் பிடித்தாள். மூன்று சொட்டு வரை சருகு தாங்கியது, நாலாவதில் வளைந்து தண்ணீரைக் கொட்டிவிட்டது. வேறு சருகு. அது ஆறு சொட்டு தாங்கியது. அங்கே ஓர் எறும்பு வரிசை ஈரத்தைச் சுற்றிக்கொண்டு போவதை அவள்தான் எனக்குக் காட்டினாள். நாற்பது நிமிடம் போனதே தெரியவில்லை. அப்புறம் "போலாம்மா" என்று அவளே எழுந்தாள். அந்த ஊரில் அவளாகவே "போலாம்" என்று சொல்லி முகம் மலர்ந்து வீட்டுக்கு வந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

உங்கள் மகள் கல் பொறுக்குவதாக எழுதியிருக்கிறீர்களே, இதுதான் அது. போய்ச் சேர வேண்டிய இடம் உங்களுக்குத் தூரத்தில் இருக்கிறது. அவள் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டாள். நாலு வயதுக்குக் கால் அருகே இருக்கிற ஓரடி தரையே போதும். அதனால் அவளோடு போகும்போது "அங்கே போய்த்தான் விளையாட்டு" என்று வைக்காதீர்கள். வீட்டுப் படியை விட்டு இறங்கியதும் உலாத்தல் தொடங்கிவிட்டது என்று வையுங்கள். பாதி வழியில் நின்றாலும் அன்றைய பொழுது வீணாகாது. திரும்பி வருவதற்கும் அவளிடம் கொஞ்சம் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். "இன்னும் கொஞ்சம் நேரம்" என்று கேட்கும்போதே கிளம்புவதுதான் நல்லது. அழுகை வந்த பிறகு கிளம்பினால், அடுத்த வாரம் அவளுக்கு ஞாபகம் வருவது அந்த அழுகையாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. விடுமுறை நாளில் ஒரே மூச்சில் ஐந்து மணிநேரம் என்பதைவிட, வார நாளில் சாயங்காலம் அரை மணி, முக்கால் மணி என்று மூன்று தடவை போவது எவ்வளவோ மேல். உடம்புக்கும் அதுதான் நல்லது. ஐந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாகத் தினம் ஒரு மணிநேரமாவது நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூன்று, நாலு வயதுக் குழந்தைகள் நாள் முழுக்கச் சேர்த்து மூன்று மணிநேரம் அசைந்துகொண்டிருக்க வேண்டும், அதில் ஒரு மணிநேரம் ஓட்டமும் குதியுமாக இருக்க வேண்டும். கண்ணுக்கும் வெளிச்சம் தேவை. சீனாவின் குவாங்சோ நகரத்தில் பன்னிரண்டு பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினம் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30 சதவீதம், மற்றப் பள்ளிகளில் கிட்டத்தட்ட 40 சதவீதம். 2015-ல் வெளியான முடிவு இது. 40 நிமிடம்தான், கவனியுங்கள். அதற்கு ஏரியும் வேண்டாம், மிருகக்காட்சி சாலையும் வேண்டாம், தெருமுனை போதும்.

இப்போது உங்கள் மகன். சொல்லப்போனால் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை அவனைப் பற்றித்தான். தங்கைக்கு நாலு வயது, அவள் எளிதில் ஒட்டிக்கொள்வாள். ஒன்பது வயதுப் பையனுக்குப் பழைய ஊரில் சிநேகிதர்கள் இருந்தார்கள், தனியாகப் போய்வர ஒரு தெரு இருந்தது, யார் வீட்டு நாய் குரைக்கும், எந்த மதிலில் ஏறலாம் என்று எல்லாம் தெரிந்திருந்தது. அங்கே அவன் விஷயம் தெரிந்தவன். இங்கே அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சின்னப் பையனாகிவிட்டான். "நம்ம ஊர்ல நல்லா இருக்கும்" என்று அவன் சொல்லும்போது உங்கள் பூங்காவைக் குறை சொல்லவில்லை. தான் இழந்ததைச் சொல்கிறான்.

அப்போது "இங்கேயும் நல்லாத்தானே இருக்கு, பாரு" என்று வாதாடாதீர்கள். "அங்கே என்ன பண்ணுவே? யார் யார் வருவாங்க?" என்று கேளுங்கள். சொல்லட்டும். அழுதால் அழட்டும். பழைய ஊரை மறக்க வைப்பது நம் வேலை இல்லை. அதைப் பற்றிப் பேச இந்தப் புது ஊரில் ஓர் இடம் கிடைத்தால், அந்த இடம் மெதுவாக அவனுக்கு வேண்டிய இடமாகிவிடும்.

பிறகு, அவன் மறுபடி விஷயம் தெரிந்தவனாக வேண்டும். அதற்கு வழியை அவன் கையில் கொடுங்கள். ஒருவர் பின்னால் நடந்து போகிறவருக்கு வழி பிடிபடாது, அழைத்துப்போகிறவருக்குத்தான் பிடிபடும். முதல் இரண்டு தடவை நீங்கள் கூட்டிப்போங்கள். மூன்றாம் தடவை, "இன்னைக்கு நீதான் வழிகாட்டி, நீ திரும்பற பக்கம்தான் நாங்க திரும்புவோம்" என்று சொல்லிவிடுங்கள். தப்பாகத் திரும்பினால் உடனே திருத்தாதீர்கள். இரண்டு தெரு கூட நடந்தால் ஒன்றும் குறைந்துவிடாது. ஒரு நுணுக்கமும் சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டும். வரும்போது அந்தத் தெரு எப்படித் தெரியுமோ அந்தக் கோலத்தில் இப்போதே பார்த்து வைத்துக்கொள்வது. போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றே ஆனாலும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியாது. பெரியவர்கள் பலர் வழி தவறுவது இதனால்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு பெரிய தாளை எடுத்து, நடந்த வழியை அவனை வரையச் சொல்லுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. முதல் வாரம் வீடும் ஒரு கோடும் அந்த இடமும் மட்டும் இருக்கும். அடுத்த வாரம் ஒரு மரம் சேரும், குரைக்கிற நாய் சேரும், பள்ளம் சேரும். பெயர்களை அவனே வைக்கட்டும். தாளைச் சுவரில் ஒட்டிவையுங்கள், அதே தாளில் வாராவாரம் சேர்க்கட்டும். என்னிடம் வந்த ஒரு பையன், ஏறக்குறைய உங்கள் மகன் வயதுதான், இரண்டு மாதத்தில் தாளோடு தாள் ஒட்டி வாசற்கதவு அளவுக்கு வரைந்துவிட்டான். தாத்தா ஊரிலிருந்து வந்தபோது அவரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினானாம். அவன் அம்மா அதைச் சொல்லும்போது குரல் கம்மிவிட்டது.

சிநேகிதம் கிடைப்பதற்கும் ஒரே இடம், ஒரே நேரம் என்ற பழக்கம்தான் உதவும். கிழமையையும் நேரத்தையும் மாற்றாமல் போனால், மற்றவர்களும் அதே நேரத்துக்குத்தான் வருகிறார்கள் என்பது தெரியவரும். முதல் வாரம் பார்வை, இரண்டாம் வாரம் ஒரு சிரிப்பு, மூன்றாம் வாரம் "என் பந்தைக் கொஞ்சம் போடேன்". பிள்ளைகள் பெயர் கேட்டுக்கொள்வதற்கு முன்பே விளையாடத் தொடங்கிவிடுவார்கள். "போய் அவனோடு பேசு" என்று தள்ளாதீர்கள், அது பெரியவர்களுக்கே கஷ்டம். கையில் ஒரு பந்து, ஒரு கயிறு, தரையில் கோடு போட ஒரு சாக்கட்டி, இப்படி இன்னொரு பிள்ளை வந்து சேர இடம் தருகிற பொருள் ஏதாவது எடுத்துப்போங்கள். தனியாக ஆடும் பொம்மை வேண்டாம். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற அம்மாவோடு நீங்களும் ஒரு வார்த்தை பேசுங்கள். உங்களுக்கும் அந்த ஊரில் ஒரு முகம் தெரிய வேண்டும் இல்லையா? அந்த நேரத்தில் கைபேசி பையிலேயே இருந்தால் நல்லது. படம் எடுப்பதையும் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மகன் மரத்தில் ஏறுவான், மதிலில் நடப்பான். நார்வே ஆய்வாளர் எல்லன் சாண்ட்செட்டர், பிள்ளைகள் தாங்களாகத் தேடிப்போகிற ஆபத்தான விளையாட்டுகளை 2007-ல் ஆறு வகையாகப் பிரித்தார். உயரம், வேகம், கூர்மையான கருவிகள், நீர் நெருப்பு போன்றவை, கட்டிப்புரண்டு சண்டை, கண்ணுக்கு மறைந்து திரிவது. இவற்றில் எதையும் அடியோடு மூடிவிட முடியாது. "பாத்து, விழுந்துடுவே!" என்று கத்தினால் பிள்ளையின் கவனம் கிளையிலிருந்து உங்கள் முகத்துக்குத் தாவும். "அடுத்த காலை எங்கே வைக்கப்போறே?" என்று அமைதியாகக் கேளுங்கள். அவன் காலைப் பார்ப்பான். அவனாக ஏறிய உயரத்திலிருந்து பெரும்பாலும் அவனாக இறங்கிவிடுவான். நீங்கள் தூக்கி ஏற்றிவிடுவதை மட்டும் செய்யாதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் நான் இப்படிப் பேச மாட்டேன். ஏரி, குளம், நீரூற்று எதுவானாலும் மகள் உங்கள் கை எட்டும் தூரத்தில்தான் இருக்க வேண்டும். ஆழம் குறைவு என்பது பாதுகாப்பில்லை. மூழ்குகிற குழந்தை பெரும்பாலும் கத்தாது, கையை ஆட்டாது. சத்தமே இல்லாமல் நடந்துவிடும். நீங்களும் கணவரும் சேர்ந்து போனால், இந்த நிமிடம் யார் கண் குழந்தை மேல் என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். இருவரும் பார்த்துக்கொள்கிறோம் என்று நினைக்கும்போதுதான் ஒருவரும் பார்ப்பதில்லை.

தொலைந்துவிடுவார்களோ என்ற உங்கள் பயம் நியாயமானது. பயத்தை வேலையாக மாற்றிவிட்டால் அது உங்களை அவ்வளவு அரிக்காது. கிளம்பும் முன் இருவரையும் வாசலில் நிற்க வைத்து ஒரு படம் எடுங்கள். அன்றைக்கு என்ன நிற உடை, என்ன செருப்பு என்று பதற்றத்தில் ஞாபகம் வராது. மகளின் பையில் அல்லது கைப்பட்டையின் உள்பக்கம் உங்கள் எண் இருக்கட்டும். குழந்தையின் பெயரை வெளியே தெரிகிறபடி எழுத வேண்டாம். அம்மாவின் முழுப்பெயர் மகளுக்குத் தெரியுமா என்று இன்று கேட்டுப் பாருங்கள். "உங்க அம்மா பேர் என்ன?" என்றால் "அம்மா" என்று சொல்கிற நாலு வயதுக் குழந்தைகள் நிறைய.

அவளுக்கு ஒரே ஒரு விதி போதும். அம்மா கண்ணில் படவில்லை என்றால் நின்ற இடத்திலேயே நின்று என் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடு. தேடிக்கொண்டு நடக்காதே. யாராவது உதவ வேண்டும் என்றால், குழந்தைகளோடு இருக்கிற இன்னொரு அம்மாவிடம் போய்ச் சொல். "தெரியாதவங்க கிட்டப் பேசவே கூடாது" என்று மட்டும் வளர்த்தால், தொலைந்த அன்று அவள் யாரிடமும் போக மாட்டாள். இதை வீட்டில் நாலைந்து தடவை விளையாட்டாகவே நடித்துப் பாருங்கள். மகனுக்கு இன்னொரு விதி சேர்த்துக்கொள்ளலாம். போன உடனே அங்கே ஒரு கூடுமிடம் குறித்துக்கொள்வது, பிரிந்துவிட்டால் அங்கே வந்து நிற்பது. அப்படி ஏதாவது நடந்துவிட்டால் நீங்கள் முதலில் ஓட வேண்டியது தண்ணீர் இருக்கும் பக்கம், அப்புறம் சாலை. மற்ற இடங்கள் பிறகு. ஒரே இடத்துக்குப் போய்ப் பழகினால் இந்தப் பயமும் பாதியாகிவிடும். எந்த மூலை எங்கே போகிறது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும், அங்கே இருப்பவர்களுக்கும் உங்கள் பிள்ளைகளைத் தெரிந்திருக்கும்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. நிழலைப் பார்த்தாலே நேரம் தெரிந்துவிடும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். மரத்தடிக்குப் போங்கள், இல்லாவிட்டால் வீட்டுக்கு. நிழல் உங்களைவிட நீளமாக இருக்கிற காலையும் மாலையும்தான் பிள்ளைகளுக்கு உகந்த நேரம். இதை மகனுக்குச் சொல்லிக்கொடுத்தால் அவனே அளந்து சொல்வான். மழை என்றால் பயப்பட வேண்டாம், மாற்றுத் துணி இருந்தால் போதும். இடி கேட்டால் மட்டும் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகு வெளியே வந்தால் போதும்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை. மாதத்தில் ஒரு தடவையாவது இருவரும் ஆளுக்கொரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு தனித்தனியாகப் போய்ப் பாருங்கள். ஒன்பது வயதின் நடையும் நாலு வயதின் நடையும் ஒன்றாகச் சேராது. உங்கள் பன்னிரண்டு பயணத்திலும் ஒருவர் காத்திருந்திருக்கிறார், மற்றவர் இழுபட்டிருக்கிறார். அப்பாவோடு தனியாக நடக்கும்போது மகன் பேசுகிற பேச்சு வேறாக இருக்கும்.

ஏரியும் அருங்காட்சியகமும் எங்கும் போய்விடாது. ஆறு வாரம் கழித்துப் போகலாம். அப்போது அவற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பி வர அவர்களுக்கென்று ஓர் இடம் இருக்கும். "எப்போ நம்ம இடத்துக்குப் போவோம்?" என்று இருவரில் ஒருவர் கேட்டால், அன்றைக்கு எனக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

கற்களைப் பற்றிக் கடைசியாக. அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் போடாதீர்கள். கண்டுபிடித்தால் அவளுக்கு அது பெரிய வலி. வாசற்படிக்குப் பக்கத்தில் ஒரு டப்பா வையுங்கள், அதில் கொள்கிற அளவுதான் என்று சொல்லிவிடுங்கள். டப்பா நிரம்பியதும் தரையில் கொட்டி, எது வீட்டில் இருக்க வேண்டும், எது திரும்பிப் போக வேண்டும் என்று அவளே பிரிக்கட்டும். திரும்பிப் போக வேண்டியவற்றை ஒரு சின்னப் பையில் போட்டு அவளிடமே கொடுங்கள். எங்கே எடுத்தாளோ அங்கே கொண்டுபோய் வைக்க, அடுத்த நடைக்கு அவளே உங்களைக் கிளப்பிவிடுவாள்.